பிரிட்ஜ் கோர்ஸ்: செமஸ்டருக்கு முந்தைய மூன்று வாரத்தை வீணாக்காமல் இருக்க

கேள்வி இது: "பொறியியல் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. செமஸ்டர் தொடங்குவதற்கு முன் மூன்று வாரம் கணிதத்தில் ஒரு பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகிறார்கள். கட்டாயமில்லை, மதிப்பெண்ணும் கிடையாது. பள்ளியில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவர் இதற்குப் போகவேண்டுமா? போனால் எப்படிப் படிக்கவேண்டும்?"

போகலாம், போவது நல்லது. ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். முதல் செமஸ்டர் பாடத்தை முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவைக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். அங்கே நடப்பது பெரும்பாலும் பள்ளிக் கணக்குதான்: பின்னம், அடுக்கு, மடக்கை, சமனிலி, முக்கோணவியல், கொஞ்சம் வகையிடல், கடைசியில் கொஞ்சம் நிரூபணம். தெரிந்த பாடம் கைக்குப் பழகியிருக்கிறதா என்று பார்த்து, பழகாத இடத்தைச் சரிசெய்வதுதான் அந்த மூன்று வாரத்தின் வேலை. ஆகவே லெக்சரைவிடப் பயிற்சித்தாள்தான் முக்கியம். லெக்சர் ஒன்று தவறினால் பெரிய நஷ்டமில்லை. பயிற்சித்தாளைத் தொடாத நாளில் வகுப்புக்கே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மார்க் இதற்கு நல்ல அளவுகோல் இல்லை. மடக்கை என்ற தலைப்பின் கீழ் மடக்கைக் கணக்கைக் கொடுத்தால் போட்டுவிடுவீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. பல்கலைக்கழகத்தில் மடக்கை தனிக் கேள்வியாக வராது. ஒரு தொகையிடலின் நடுவே மூன்றாவது வரியில் வரும். லெக்சரர் அதை வாயால்கூடச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த வரியில் நீங்கள் இரண்டு நிமிடம் நின்றுவிட்டால் பின்னால் வந்த நான்கு வரியும் போயிற்று. கால்குலஸ் தேர்வில் விட்ட மார்க்கைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் பழைய அல்ஜீப்ராதான் கிடக்கும்.

ஊருக்கு ஊர் இதன் வடிவம் மாறும். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்குவதால் 'ஃபோர்கூர்ஸ்' எனப்படும் இந்த வகுப்புகளைப் பல பல்கலைக்கழகங்கள் செப்டம்பரில் வைக்கின்றன. காலையில் பெரிய அரங்கில் லெக்சர், மதியம் சிறு குழுக்களில் பயிற்சி என்பது வழக்கமான ஏற்பாடு. அமெரிக்காவில் 'சம்மர் பிரிட்ஜ்' என்பார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்தில் அது ஆறு வாரம், வளாகத்திலேயே தங்கிப் படிப்பது. வளாகத்தைச் சுற்றிக் காட்டி, நூலக அட்டை கொடுத்து, வரவேற்புரை நிகழ்த்தும் 'ஓரியன்டேஷன்' வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, 'சுற்றிப் பார்த்தாயிற்றே' என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளுக்கு ஒரு தயார்நிலைத் தேர்வு, அல்லது முந்தைய ஆண்டின் பயிற்சித்தாள் வெளியிட்டிருப்பார்கள். அதை எடுத்து, கால்குலேட்டர் இல்லாமல், கடிகாரம் வைத்து, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் போடுங்கள். பிறகு தப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, எப்படித் தொடங்குவதென்றே தெரியாதது. இரண்டாவது, விடை சரி, ஆனால் நேரம் அதிகம் பிடித்தது. மூன்றாவது, தெரிந்தும் தவறியது: குறி மாறியது, அடைப்பை விட்டது. முதல் வகைக்கு அந்தத் தலைப்பின் லெக்சர் வேண்டும். இரண்டாவதற்கு லெக்சர் வேண்டாம், ஒரே மாதிரிக் கணக்கு இருபது வேண்டும். மூன்றாவதற்கு இரண்டும் உதவாது. எழுதும் முறையை மாற்றவேண்டும்: ஒரு வரிக்கு ஒரு மாற்றம், ஒன்றின்கீழ் ஒன்றாக, மனக்கணக்கில் இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டாமல். 'கவனக்குறைவு' என்று எல்லாத் தப்பையும் மூன்றாவது கூடையில் போடத் தோன்றும். அதே தப்பு இரண்டு முறை வந்திருந்தால் அது கவனக்குறைவு இல்லை, முதல் வகை.

அடிக்கடி வரும் தப்புகள் சிலவற்றை எண்ணில் எழுதிப் பார்க்கலாம். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 3 + 4 = 7. எண்ணில் யாரும் ஏமாறுவதில்லை. எண் போய் எழுத்து வந்தவுடன் கை தானாகப் பிரித்துவிடுகிறது. மடக்கையிலும் இதே கதைதான். 10-ஐ அடிமானமாகக் கொண்டால் 100-இன் மடக்கை 2, 10-இன் மடக்கை 1. கூட்டினால் 3. அது 1000-இன் மடக்கை, 110-இன் மடக்கை அல்ல. இரண்டால் பெருக்குவதைக் கூட்டலுக்குள் பிரித்துப் போடலாம் என்று சின்ன வயதில் பழகிய கை, அந்தக் குணம் எல்லாச் செயலுக்கும் உண்டு என்று நம்பிவிடுகிறது. சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பதில் 3, 5 போன்ற எண்களைப் போட்டு இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 0, 1, 2 வேண்டாம். 2 + 2-உம் 2 × 2-உம் ஒன்றாக வருவதுபோல், தப்பான விதியும் அவற்றில் சரியாகத் தெரியும்.

பின்னத்தில், (2 + 6)/2 என்பதில் மேலே ஒரு 2, கீழே ஒரு 2 என்று அடித்துவிட்டு 6 என்றோ 7 என்றோ எழுதுவார்கள். விடை 4. 'அடித்தல்' என்ற சொல்லே இந்தத் தப்புக்குப் பாதிக் காரணம் என்பேன். நாம் எதையும் அடிப்பதில்லை. மேலே உள்ள முழுவதையும் கீழே உள்ள முழுவதையும் ஒரே எண்ணால் வகுக்கிறோம். இதன் ஒன்றுவிட்ட தம்பி இன்னொன்று: எக்ஸ் வர்க்கம் = 5 எக்ஸ் என்ற சமன்பாட்டை எக்ஸால் வகுத்து, எக்ஸ் = 5 என்று முடிப்பது. எக்ஸ் பூச்சியமாக இருக்கலாம் என்பது மறந்துபோய், இரண்டு விடையில் ஒன்று காணாமல் போகிறது.

சமனிலியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள இடைவெளி இதில்தான் நன்றாகத் தெரியும். கணக்கு: 1/எக்ஸ் < 2. பழகிய கை இரண்டு பக்கத்தையும் எக்ஸால் பெருக்கி, 1 < 2 எக்ஸ், ஆகவே எக்ஸ் > 1/2 என்று எழுதிவிடும். இப்போது எக்ஸுக்கு −1 போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் −1, அது 2-ஐவிடச் சிறியதுதான். ஆனால் நம் விடையில் −1 இல்லை. குறை எண்ணால் பெருக்கினால் சமனிலியின் குறி திரும்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். எக்ஸ் மிகையா குறையா என்று இன்னும் தெரியாது என்பதுதான் கண்ணில் படவில்லை. ஆகவே இரண்டாகப் பிரிக்கவேண்டும். எக்ஸ் மிகை என்றால் எக்ஸ் > 1/2. எக்ஸ் குறை என்றால் குறி திரும்பி எக்ஸ் < 1/2 என்று வரும். ஏற்கெனவே எக்ஸ் பூச்சியத்துக்குக் கீழே இருப்பதால் குறை எண்கள் எல்லாமே சேரும். பூச்சியம் சேராது, ஏனென்றால் பூச்சியத்தால் வகுக்க முடியாது. விடை: எக்ஸ் < 0, அல்லது எக்ஸ் > 1/2. இதில் கடினமான கணக்கு எதுவும் இல்லை. எந்தச் சூழ்நிலையில் இருக்கிறோம் என்று பிரித்து எழுதும் பழக்கம்தான் புதிது. மட்டு மதிப்பு வரும் கணக்குகள் எல்லாம் இதே பழக்கத்தைத்தான் கேட்கும்.

முக்கோணவியலில் முதலில் கால்குலேட்டரைப் பாருங்கள். டிகிரியில் வைத்தால் சைன் 30 என்பது 0.5, ரேடியனில் இருந்தால் அதே பொத்தான் −0.988 காட்டும். பல்கலைக்கழகம் ஏன் ரேடியனையே கட்டிக்கொண்டு அழுகிறது என்றால், சைனை வகையிட்டால் கொசைன் என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. டிகிரியில் ஒவ்வொரு முறையும் பை/180, அதாவது ஏறக்குறைய 0.01745, என்ற பெருக்கல் ஒட்டிக்கொண்டு வரும்.

கடைசி சில நாட்களில் வரும் நிரூபணப் பகுதிதான் நல்ல மார்க் எடுத்தவர்களையும் உலுக்கும். அங்கே கணக்கு குறைவு, மொழி அதிகம். 'ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு' என்பது உண்மை. 'எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு' என்பது பொய். சொற்கள் ஏறக்குறைய அவையே, வரிசைதான் மாறியிருக்கிறது. எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரையறைகள் முழுக்க இந்த வரிசையின்மேல் நிற்கின்றன. மறுப்பு எழுதுவதும் அப்படியே. 'எல்லாரும் வந்தார்கள்' என்பதன் மறுப்பு 'யாரும் வரவில்லை' அல்ல, 'வராதவர் ஒருவராவது உண்டு'. 'எல்லாரும் வரவில்லை' என்று எழுதினால் தமிழிலேயே இரண்டு பொருள் வரும்; ஆகவே நிரூபணத்தில் அந்த வடிவத்தைத் தொடவே வேண்டாம்.

தொகுத்தறிதல் முறையில் (முதல் எண்ணுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டி நிரூபிப்பது) தொடக்க நிலையைச் சரிபார்ப்பது சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூற்று: 'ஒவ்வோர் எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்குச் சமம்.' ஓர் எண்ணுக்கு இது உண்மை என்று வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் 1 கூட்டுங்கள். அடுத்த எண்ணுக்கும் உண்மையாகிவிடும். படி ஏறுவதில் குற்றமே இல்லை. 1-உம் 2-உம் சமமா என்று முதலில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அன்றாட வேலை. பயிற்சித்தாளைப் பயிற்சி வகுப்புக்கு முன்பே ஒருமுறை முயன்றுவிட்டுப் போகவேண்டும். வெறும் கையோடு போனால் அடுத்தவர் போர்டில் போடுவதை எழுதிக்கொண்டு வருவீர்கள். ஒரு கணக்கில் சிக்கினால் இருபது நிமிடம் கொடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் வெறுமனே தாளை முறைத்துக்கொண்டிருக்காமல், என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், இந்தச் சொல்லின் வரையறை என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். பாதிச் சிக்கல், வரையறை சரியாகத் தெரியாததால் வந்திருக்கும். அப்படியும் நகரவில்லையென்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். முழு விடையையும் பார்த்த கணக்குக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, இரண்டு நாள் கழித்து வெற்றுத் தாளில் முதலிலிருந்து போடுங்கள். செயலியில் படம் பிடித்துப் போட்டால் முழுத் தீர்வும் வந்துவிடுகிற காலம் இது. அந்தத் தீர்வைப் படித்து 'புரிகிறது' என்று தலையாட்டுவதற்கும் போடத் தெரிவதற்கும் உள்ள தூரத்தை அந்த வெற்றுத் தாள்தான் காட்டும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த சோதனையில் முன்னே நின்றார்கள். ஒரு வாரத்துக்குப் பின் வைத்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திக்கொண்டார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

நோட்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. போர்டைப் போனில் படம் எடுத்து வைக்கிறவர்கள் அந்தப் படங்களைத் திரும்பத் திறப்பதேயில்லை. எல்லாவற்றையும் எழுத முடியாவிட்டால் வரையறையையும், லெக்சரர் 'இங்கே கவனியுங்கள்' என்று சொன்ன இடத்தையும் எழுதுங்கள், போதும்.

தனியாகப் படிப்பதா, சேர்ந்தா? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் பிற்பகுதியில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர், கால்குலஸில் யார் ஏன் தேறுகிறார்கள் என்று மாணவர்கள் கூடவே இருந்து கவனித்தார். திணறிய கறுப்பின மாணவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் தனித்தனியே அறையில் அமர்ந்து படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களில் பலர் தனியே போட்டபின் கூடி, விடைகளை ஒப்பிட்டு வாதாடினார்கள். இதைப் பார்த்தபின் ட்ரைஸ்மன் அமைத்த பட்டறையில் எளிய கணக்கு கொடுத்துத் தாங்கவில்லை; வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடவைத்தார். பலன் கிடைத்தது. இதில் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தனியே, பிறகு கூடி. நேராகக் கூடி உட்கார்ந்தால் வேகமானவர் போடுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர். ஒருவர் விளக்கும்போது பேனா அவர் கையில் இருக்கக்கூடாது, கேட்கிறவர் கையில் இருக்கவேண்டும். முதல் வாரத்திலேயே அந்த மூன்று பேரைப் பிடித்துவிட்டால், செமஸ்டரில் முந்நூறு பேர் அரங்கில் அநாதையாக உட்காரவேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பாடத்துக்கு அடுத்தபடி இந்த வகுப்பின் பெரிய லாபம் இதுதான்.

பயிற்சி வகுப்பை நடத்துகிறவர் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு மூத்த மாணவராக இருப்பார். அதே தேர்வை அண்மையில் எழுதியவர். 'எது முக்கியம்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வீட்டுப்பாடத்தில் எத்தனை விழுக்காடு இருந்தால் தேர்வெழுத விடுவார்கள், பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும், தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டுமா, கையால் எழுதிய குறிப்புத் தாளை உள்ளே கொண்டுபோகலாமா என்று கேளுங்கள்.

மற்றத் துறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். இயற்பியல், வேதியியல் முன்வகுப்பில் அலகு மாற்றம்தான் கால்வாசி: மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர், ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர், நூறு அல்ல. பொருளியலில் விழுக்காடு: 100-ஐ 20 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு இறக்கினால் 96. புரோகிராமிங் முன்வகுப்பில் முதல் நாள் முழுவதும் மென்பொருள் நிறுவுவதிலேயே போகும்; கணினியில் நிர்வாகி உரிமை இருக்கிறதா என்று முன்பே பார்த்து, கோப்புறைப் பெயரில் இடைவெளியோ ஆங்கிலமல்லாத எழுத்தோ இல்லாமல் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பைத்தான் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படிக்கவேண்டும். பிழையின் வகை கடைசி வரியில் இருக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது உங்கள் தப்பு இல்லை, 0.1-ஐ இரும எண்முறையில் முடிவுற எழுத முடியாது.

எங்கே கெட்டுப்போகிறது? இரண்டு இடத்தில். முதல் மூன்று நாள் 'இதெல்லாம் தெரியும்' என்று நின்றுவிடுகிறவர், நான்காம் நாள் புதிது வரும்போது இருக்கமாட்டார். அவர் லெக்சரை விட்டுவிட்டுப் பயிற்சித்தாளின் கடைசி இரண்டு கணக்குகளை மட்டும் போடட்டும். கடினமானவற்றைப் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். மற்றவர், நிரூபணம் தொடங்கியதும் 'எனக்கு இந்தப் படிப்பு ஆகாது' என்று முடிவு கட்டுகிறவர். இரண்டு மூன்று ஆண்டுப் பள்ளிப் பாடத்தைப் பதினைந்து நாளில் ஓட்டும் வகுப்பில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும்; அரங்கில் தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது மதியம் பயிற்சி வகுப்பில் தெரிந்துவிடும். நிரூபணம் செமஸ்டரில் மறுபடி முதலிலிருந்து வரும், அல்ஜீப்ரா வராது. நேரம் போதவில்லையென்றால் விடவேண்டியது எது என்பதற்கு இதுவே விடை.

சில பல்கலைக்கழகங்கள் இதோடு தரம் பிரிக்கும் தேர்வு ஒன்றையும் வைத்து, எந்தக் கணித வகுப்பில் உட்காரலாம் என்று தீர்மானிக்கின்றன. வீட்டிலிருந்து இணையத்தில் எழுதும் தேர்வு என்றால் உதவி பெற்று உயர்ந்த வகுப்புக்குப் போகும் ஆசை வரும். அப்படிப் போனவருக்கு அடுத்த நாளிலிருந்து உதவி கிடைக்காது, இது பயனில்லாத லாபம்.

இந்த வகுப்புக்கு வந்தவர்கள் வராதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று விளம்பரத்தில் பார்த்தால் முழுதாக நம்பிவிடவேண்டாம். விருப்பப் பாடம் என்பதால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் அதிகம் வந்திருப்பார்கள். எது வகுப்பால் வந்தது, எது அக்கறையால் வந்தது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

வீடு மாறுவது, விசா தாமதம், வேலை என்று நேரில் போக முடியாதவர்கள் தயார்நிலைத் தேர்வை எழுதிவிட்டு, முதல் வகைத் தப்பு வந்த தலைப்புகளுக்கு மட்டும் இணைய வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் பின்னத்தோடு நின்றுவிடும். நேரில் போகிறவர்கள் அறை தேடுவது, வங்கிக் கணக்கு போன்றவற்றை முடிந்தவரை அதற்கு முந்தைய வாரத்தில் முடித்துவையுங்கள். அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரமும் லெக்சர் நேரமும் ஒன்றாகவே இருக்கும்.

வகுப்பு முடிந்து செமஸ்டர் தொடங்கும்வரை சில இடங்களில் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விழும். அதில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம், நட்சத்திரம் போட்ட கணக்குகளை மட்டும் போட்டால் போதும். செமஸ்டருக்கு இரண்டு நாள் முன் அந்தப் பழைய தயார்நிலைத் தேர்வை மறுபடி எடுத்து, அதே ஒரு மணி நேரத்துக்குள், அதே நிபந்தனையில் எழுதுங்கள். இப்போதும் முதல் வகையில் விழும் தலைப்பு எதுவோ, அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் முதல் வாரத்து ட்யூட்டோரியலில் கேளுங்கள். அந்த வாரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும்.